விளையாடாதோர், இலக்கம் ஏழு

திருநெல்வேலி மருத்துவ பீடத்தின் மூன்றாம் மாடியில்
என் தலைக்கு ஒரு வலைத்தொப்பி போட்டார்கள்.
முப்பத்திரண்டு வயர்,
ஒவ்வொன்றின் அடியிலும் குளிர்ந்த பசை.
"எண்ணெய் வைக்கேல்லத்தானே அக்கா?"
ஆராய்ச்சி மாணவி கஜவதனி கேட்டாள்.
வைத்திருந்தேன்.
இல்லை என்றேன்.

திரையில் ஐந்து அம்புகள்.
நடு அம்பு எந்தப் பக்கம் பார்க்கிறது?
சுற்றி நிற்கும் நாலும் பொய் சொல்லும்.
இடமா வலமா, அழுத்து.
முந்நூறு தரம்.
எழும்பும்போது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

எனக்கு முன்னம் அந்தக் கதிரையில் இருந்தவள் டிலக்சியா.
மாகாண அணிக்குப் பந்து கொண்டுபோகிறவள்.
அழுத்தி முடித்துக் கொட்டாவி விட்டாளாம்.

பின்னேரம் படம் வந்தது.
என் மூளை முழுக்கச் சிவப்பு,
கலியாண வீட்டுக் குசினிபோல:
ஒருத்தி உரிக்க, ஒருத்தி கத்த,
கிடாரம் இறக்க ஆள் தேடி ஒருத்தி ஓட.
அவளுடையது நீலம்.
பிடரிப்பக்கம் மட்டும் கொஞ்சம் மஞ்சள்,
பண்ணைக் கடலில் இரவு தனியே நிற்கும்
ஒரு வள்ளத்து லாம்பு.

"பாத்தியே, எனக்கு மூளையே இல்லை."
டிலக்சியா சிரித்தாள்.
"இருக்கு. நீங்கள் செலவழிக்கேல்ல" என்றாள் கஜவதனி.
பிழை இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.
நேரத்தில்தான் அவள் முந்தி,
அரைக் கண்சிமிட்டு.

சனிக்கிழமை ஆட்டம் பார்க்கப் போனேன்,
பழைய பூங்காப் பக்கத்துச் சீமெந்துத் தரைக்கு.
நான் பந்தைப் பார்த்தேன்.
எல்லாரும் பந்தைத்தான் பார்த்தோம்.
அவள் பந்தையும் பார்க்கவில்லை, ஆளையும் பார்க்கவில்லை.
முகம் இடப்பக்கம், கை வலப்பக்கம்,
இரண்டு தோள்களுக்கு நடுவில்
ஒரு படலை.
அதற்குள்ளால் பந்து போனபிறகுதான்
அது திறந்திருந்ததே எனக்குத் தெரிந்தது.
அந்தப் பக்கம், ஒருத்தரும் நிற்காத இடத்தில்,
ஒருத்தி வந்து நின்று பந்தை வாங்கினாள்.

இடைவேளையில் கேட்டேன்,
"எப்பிடித் தெரிஞ்சது?"
"என்னது?" என்றாள், தண்ணீரைத் தலையில் ஊற்றியபடி.

கடைசி நிமிடம், ஒரு புள்ளி பின்னால்.
அவளுக்கு இரண்டு சுதந்திர வீச்சு.
மறிக்க ஆளில்லை. காத்திருக்க நேரமிருந்தது.
பந்தை மூன்று தரம் தட்டினாள்,
வளையத்தைப் பார்த்தாள்,
பிறகு தன் கையைப் பார்த்தாள்.
அங்கேதான் குசினியில் அடுப்பு மூண்டிருக்க வேண்டும்.
இரண்டும் இரும்பில் பட்டுத் தெறித்தன.

திங்கள் காலை, வங்கியில் என் கூண்டு.
கே.கே.எஸ். வீதிச் சைக்கிள் கடைக்காரர்
மருமகனின் கனடா விசாக் கதையை
எனக்குச் சொல்லிக்கொண்டிருக்க
நானும் "ஓம் ஓம்" கொட்டிக்கொண்டிருக்க
பெருவிரல் நின்றது.
ஒரு ஐயாயிரம் ரூபாத் தாள்.
உருவி, வெளிச்சத்தில் பிடித்தேன். கள்ளத் தாள்.

"பாக்காமலே எப்பிடிக் கண்டனீங்கள்?"
"எதை?" என்றேன்.

அதன்பிறகு பெருவிரலை நினைக்கத் தொடங்கினேன்.
அடுத்த கட்டை மூன்று தரம் எண்ணினேன்.
ஒருக்கா தொண்ணூற்றெட்டு.
ஒருக்கா நூற்றொன்று.
வரிசை வாசல்வரை போய்விட்டது.