இடதுகைக்காரர்

லண்டன்பேட்டை ஷாநவாஸ் பாய் கடைமுன்
வெயிலில் கிடந்தது அந்தச் சோபா.
பெங்களூர் ரோட்டு டீசல் காற்றில்
எதற்கும் தனி வாசம் கிடையாது.
எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.
அரசு ஆஸ்பத்திரி ஆய்வகத்தில்
பன்னிரண்டு வருஷமாக
மூடி திறந்து மோந்து
மூடி வைக்கிறவள் நான்.

நாலாயிரத்து ஐந்நூறு.
ஓசூரில் யாரோ அடுக்குமாடி வீட்டைக் காலி செய்தபோது வந்ததாம்.
டாடா ஏஸுக்கு நானூறு தனி.
இரவு சன்னலைச் சாத்தி விசிறியைப் போட்டதும்
எங்கள் கூடத்தில் இன்னொருவர்
புகைத்துக்கொண்டிருந்தார்.

திம்மராயன் நின்றபடியே பிராண்டைச் சொன்னார்.
அவர் விட்டுப் பதினோரு மாதம்.

சமையல் சோடாவை இரண்டு பாக்கெட் தூவி
விடியவிடிய விட்டேன்.
வினிகர் தெளித்தேன்,
இரண்டு நாள் சோபா ஊறுகாயாக நாறியது,
மூன்றாம் நாள் ஊறுகாய் போய்
அவர் திரும்பி வந்தார்.
உறையைக் கழற்றி சர்ஃபில் ஊறவைத்தால்
வாளித் தண்ணீர் கடுங்காப்பி.
பஞ்சு மெத்தையை மொட்டைமாடியில்
சையத் பாஷா மலையைப் பார்க்க நிமிர்த்தி வைத்தேன்.
ஜூன் மாதம். கூழ் ஆலைப் பக்கமிருந்து
ஊர் முழுக்க மாம்பழம் வெந்துகொண்டிருந்தது.
அதுகூட உள்ளே நுழைய முடியவில்லை.

இஸ்திரி வண்டி முனியம்மா ஒரு சட்டி கரி கொடுத்தாள்,
அடியில் வை, என்றாள்,
நெருப்பைப் பார்த்த கரிக்குத்தான்
புகையின் பாஷை தெரியும்.

மரக்கைகளைக் கடைசியாகத் துடைத்தேன்.
ஈரப்பஞ்சில் வந்த நிறம் எனக்குப் பழக்கம்,
காமாலைக்காரர் குப்பியில் கொண்டுவரும் நிறம்.
வலது கையில் நாலு பஞ்சு போதும்.
இடது கைக்கு முப்பத்தொன்று.
சுட்ட வடு மூன்றும் இடப்பக்கமே.

ஆக, இடதுகைக்காரர்.
சாம்பல் தட்ட எழுந்து போகாதவர்.
மூன்று முறை தூங்கிப்போனவர்,
அல்லது ஒரே இரவில் மூன்று முறை
யாரையோ எதிர்பார்த்துக் கதவைப் பார்த்தவர்.
இதற்கு மேல் பரிசோதனை கிடையாது.

அடித்துணியைக் கிழித்தபோது விழுந்தவை
ஒரு பட்டாம்பூச்சிக் கிளிப்,
ஐம்பது பைசா,
பற்றவைக்காத முழு சிகரெட் ஒன்று.

கொஞ்சம் வளைந்திருந்தது, அவ்வளவுதான்.
குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம்.
திம்மராயன் பாட்டில்லாமல் குளிக்கிறார்
விட்டதிலிருந்து.
கைப்பையிலிருந்த புது சாம்பிள் குப்பியில் போட்டு
மூடியை இறுக்கினேன்.
பெயர், வயது, வார்டு
எதையும் எழுதவில்லை.
மறுநாள் வேலைக்குப் போனதும்
மஞ்சள் பையில் போட்டேன்.
எரிக்கிறவர்கள் எரிக்கட்டும்.

தலைதுவட்டிக்கொண்டே வந்தவர் கேட்டார்,
"உள்ள ஒண்ணும் இல்லையா?"
ஐம்பது பைசாவைக் காட்டினேன்.
"அது செல்லாதே," என்றார்.
கிளிப்பை ஏன் மறைத்தேன் என்று
இன்னும் எனக்குத் தெரியவில்லை.

மொத்த மரத்துக்கும் அரக்கு பாலிஷ் இரண்டு கை ஓட்டி
அடியில் புதுத் துணி அடித்து
மெத்தையைத் திரும்பப் பொருத்திய இரவு
இரண்டு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தேன்.
விளக்குப் போடாத கூடத்தில்
சோபாவின் இடது கோடியில் அவர்.
வலதுகைக்காரர்தான்.
ஆனாலும் இடது முழங்கை மரத்தின் மேல்,
உள்ளங்கை மேலே பார்க்க,
ஆள்காட்டிக்கும் நடுவிரலுக்கும் நடுவில்
ஒரு நெல் அளவு இடம்.

"வாசம் சுத்தமாப் போயிடுச்சு," என்றார்.
பாராட்டா புகாரா,
அந்தக் குரலில் பிரிக்க வரவில்லை.

சொம்போடு போய்
வலது கோடியில் உட்கார்ந்தேன்.
மெத்தை இன்னும் முழுசாகக் காயவில்லை.
புடவை வழியாக
மெல்ல ஏறியது ஈரம்.