ஒற்றனுக்குப் பதிலாக ஒரு பொத்தான்

கடைசிப் படகு ரத்து என்று
துறைமுகப் பலகையில் எழுத்து ஓடிய பத்தாவது நிமிடம்
வீபே போனில் கேட்டான்:
'இன்றைக்கு இவளையும் கூட்டி வரட்டுமா?'
இவள் என்றால் ஹிஸ்கே.
மூன்று மாதமாகப் பெயராக மட்டும் வந்துபோனவள்.
டெர்ஸ்கெல்லிங் தீவுக்காரி;
ஹார்லிங்கனில் வடமேற்குக் காற்று அடித்தால்
அவளுக்கு அன்று வீடு இல்லை.

வியாழன் இரவுகளுக்கு நாங்கள் மூவர்,
பதினெட்டு வருடமாக.
நாலாவது நாற்காலியில் கோட்டுகள் உட்காரும்.
அவற்றை அள்ளிக் கட்டிலில் போட்டேன்.
யெல்ட்டே அலமாரியைத் திறந்து
பெட்டிகளின் முன்னால் நின்றான்,
பல் டாக்டரின் தட்டைப் பார்க்கிறவன் மாதிரி.

சதுரங்கம் வேண்டாம்.
இருவர் ஆட இருவர் வாய் பார்க்கணும்.
போதாததற்கு யெல்ட்டே
பலகையைப் பார்க்கமாட்டான், கடிகாரத்தைப் பார்ப்பான்.
பழகாதவர்களுக்கு அது அவமானமாகப் படும்.
(பழகியவர்களுக்கும்தான்.)

கோ வேண்டாம்.
கறுப்புக் கல்லில் பதினேழு
தூசு உறிஞ்சும் மிஷினுக்குள் போய்ச் சேர்ந்தன.

மோனபலியை யாரும் வாயால் சொல்லவில்லை.
சொன்னவர் பாத்திரம் கழுவணும்,
அது இந்த வீட்டுச் சட்டம்.

ரிஸ்க் பெட்டியில் அவன் விரல் பட்டதும்
நான் அடுப்பைக் கவனித்தேன்.
ஒரு ஜனவரி. கம்சாட்கா எல்லை.
'உன்னைத் தொடமாட்டேன்' என்று வீபேக்குக் கை கொடுத்தவன்
அடுத்த முறையே பதினோரு படையோடு நுழைந்தான்.
மார்ச் வரை பேச்சு இல்லை.
வீபேயின் அப்பா இறந்தபோது
பூங்கொத்து அனுப்பினான், சீட்டில் ஒரே வரி:
'கம்சாட்காவை நீயே வைத்துக்கொள்.'

பத்துக்குப் பத்துக் கட்டத்தில் டாம்மன் ஆடலாமா என்றேன்.
'அதில் நீ ஜெயிப்பாய்' என்றான்.
அது காரணமா?
அதுதான் காரணம்.

மணி அடித்தது.
ஈரத் தலை, கொம்புப் பொத்தான் வைத்த கனத்த கோட்டு,
கையில் ஒரு பொட்டலம் புகையிட்ட மீன்.
யாரும் கேட்பதற்கு முன்
அலமாரியின் அடித்தட்டில் குனிந்து
கயிறு கட்டிய பெட்டியை உருவினாள்.
'இது.'

வீபே என்னைப் பார்த்தான். நான் மீனைப் பார்த்தேன்.

ஸ்ட்ராடெகோ. பக்கத்துக்கு நாற்பது காய்.
பதவி தன் பக்கம், முதுகு எதிரிப் பக்கம்.
மார்ஷலையே சாய்க்கக்கூடிய ஒற்றன்
ஆளுக்கு ஒருவன்.
எங்கள் சிவப்பு ஒற்றன் தொலைந்து எட்டு வருடம்;
அவன் இடத்தில் யெல்ட்டேயின் வெள்ளைச் சட்டைப் பொத்தான்.
படை நடுவே பொத்தான் ஒன்று நின்றால்
அப்புறம் அவன் என்ன ஒற்றன்?
சிவப்பை எடுத்தவர் தோற்றார். திரும்பத் திரும்பத் தோற்றார்.
ஆகவே கயிறு.

கதையைக் கேட்டு அவள் சிரிக்கவில்லை.
கத்தரிக்கோல் கேட்டாள்.
கோட்டை மடியில் போட்டு
டக், டக் என்று ஆறையும் வெட்டினாள்.
முதுகைத் திருப்பிக்கொண்டு
ஒவ்வொன்றின் அடியிலும் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டரை ஒட்டி
பேனாவால் பதவி எழுதினாள்:
ஒற்றன், கேப்டன், ஒரு வெடி, மற்றதை நான் சொல்லமாட்டேன்.
'ஒரு பொத்தான் காட்டிக்கொடுக்கும்' என்றாள்,
'ஆறு என்றால் கூட்டம்.'

அவளும் நானும் சிவப்பு.
காதோடு காதாக அவள் பேசியதில்
மீனும் மழையும் மணத்தன.
அவளை நேசிக்கிற வீபே
அவள் முகத்தை இரவு முழுக்கப் படித்தான்,
ஒரு வரியும் விளங்கவில்லை.

பதினொன்று நாற்பதுக்கு
நீல மார்ஷல் வந்து ஒரு பொத்தானின் முன் நின்றார்.
யெல்ட்டே பழக்கத்தில் கடிகாரத்தைத் தேடினான்.
கடிகாரம் சதுரங்கப் பெட்டியில் இருந்தது.
எங்கள் பொத்தான் ஓர் அடி முன்னால் வைத்தது.

விடியும்போது காற்று தணிந்திருந்தது.
முதல் படகுக்கு அவள் நடந்தாள்,
கோட்டை ஒரு கையால் சேர்த்துப் பிடித்தபடி.
பெட்டிக்குக் கயிறு கட்டவில்லை.
பொத்தான்களைக் கேட்டு
அடுத்த வியாழன் அவள் வரக்கூடும்.
கொடுக்கிற எண்ணம் எனக்கு இல்லை.