இருபத்தெட்டு எழுத்து

டாரன் செய்த பில்டில் விசிறி உறங்குகிறது.
நான் செய்ததில்
இரவு மூன்று மணிக்கு
யாரும் கேட்காமலே எழுந்து சுழல்கிறது.
ஒரே நிரல். ஒரே கம்பைலர், பதிப்பு எண் வரைக்கும்.
அவனிடம் விண்டோஸ், என்னிடம் லினக்ஸ்,
நடுவில் ஒரு மேசையும் வாடிய தொட்டிச் செடியும்.

"எனக்கு ஓடுதே" என்கிறான்.
இந்தத் தொழிலில் இதைவிடக் கொடிய வாக்கியம் இல்லை.

சஸ்கட்டூன். ஜனவரி. மைனஸ் முப்பத்தொன்று.
நகரம் முடிந்து நாற்பது நிமிடத்தில்
ஹாலினா வொய்டக்கின் கனோலாக் குதிர்கள்
தகரத் தொப்பி போட்டு நிற்கின்றன.
ஐந்தாம் குதிரில் என் பெட்டி:
ஒரு ரிலே, ஓர் ஈரப்பத உணரி,
இரண்டே கிலோபைட் நினைவகம்.
"சும்மா இருக்கிற தானியத்துக்கு
நடுராத்திரியில் எதற்குக் காற்று?"
என்றாள் தொலைபேசியில். நியாயம்தான்.

டீபக்கரைச் சொருகினால்
இன்ஸ்பெக்டர் நுழைந்த வகுப்பறைபோல்
கைகட்டி உட்கார்ந்துகொள்கிறது.
பிடுங்கினால் பழைய ஆட்டம்.
மூன்று இரவு பிக்கப் வண்டிக்குள்,
பேட்டரி விறைக்காமலிருக்க
மடிக்கணினியைக் கோட்டுக்குள் அணைத்தபடி.

கோப்புப் பெயர்களில்
பெரிய எழுத்து சின்ன எழுத்துப் பார்த்தேன்
(அவன் கணினி கண்டுகொள்ளாது,
என்னுடையது மன்னிக்காது).
வரி முடியும் இடமெல்லாம் தடவிப் பார்த்தேன்.
கடைசியில் இரண்டு பில்டையும்
பைட் பைட்டாகப் பக்கத்தில் கிடத்தினேன்.
ஒத்துப்போய் ஒத்துப்போய்
ஓரிடத்தில் பிரிந்தன.

அங்கே என் பெயர்.

குடிவரவுப் படிவம்
அப்பா பெயரைக் குடும்பப் பெயர் ஆக்கியது.
கணினிக் கணக்குத் திறந்தவர்
இரண்டையும் ஒரு புள்ளி வைத்து ஒட்டினார்.
சிவகாமசுந்தரி.வைத்திலிங்கம்
ஆங்கிலத்தில், புள்ளியோடு, இருபத்தெட்டு எழுத்து.
அலுவலகத்தில் நான் வெறும் சிவ்.
கம்பைலர் மட்டும்தான்
ஒவ்வொரு கோப்பும் எந்த வீட்டிலிருந்து வந்தது என்று
முழு விலாசம் எழுதிவைக்கிறது.
பதினான்கு கோப்பு. பதினான்கு தடவை.
முந்நூற்றுத் தொண்ணூற்றிரண்டு பைட்!
எள் விழ இடமில்லாத அந்த வீட்டில்
அப்பாவும் நானும்
பாய் விரித்துப் படுத்திருக்கிறோம்.

மேலிருந்து ஸ்டாக் இறங்குகிறது.
மூன்று மணிக்கு அன்றைய கணக்கை எழுதும் நேரம்;
குளிரில் மின்னழுத்தம் சரிய
இன்டரப்ட் குறுக்கே விழ
இன்னும் ஓரடி இறங்கிய கால்
விசிறியின் ஃப்ளாக்கை மிதிக்கிறது.
(டீபக்கர் கேபிளில் மின்சாரமும் வருகிறது.
சரிவே இல்லை, அதனால் சாது.)

"கணக்குப் பெயரை சிவ் என்று சுருக்கு, முடிந்தது."
சுருக்கிப் பார்த்தேன். விசிறி உறங்கியது.
ஆனால் கால் அப்போதும் மிதித்தது:
போன வார ஈரப்பதச் சராசரியை.
அதற்குச் சத்தம் போடத் தெரியாது.

டாரனின் பில்டையும் அளந்தேன்.
மிச்சம் பதினோரு பைட்.
கோப்புறைக்கு இன்னொரு எழுத்து கூட்டினால்
அவன் விசிறியோ வேறெதுவோ எழுந்துகொள்ளும்.
காப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு
அந்தப் பதினொன்றையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கணக்கு எழுதும் ஃபங்ஷனில்
ஐந்நூற்றுப் பன்னிரண்டு பைட்டுக்கு ஓர் அர்ரே,
முப்பத்திரண்டே போதுமான இடத்தில்.
எந்தப் புண்ணியவான் என்று வரலாற்றைத் திறந்தேன்.
இரண்டு வருடம் முந்தைய வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து பத்து.
சிவ்.

திருத்தி, என் கணினியிலேயே பில்ட் செய்து
குதிருக்குக் கொண்டுபோனேன்.
மூன்று மணி. மூன்றே கால்.
பனி மட்டும் தகரத்தில் உரசியது.
ஹாலினாவின் சமையலறை விளக்கு அணைந்தது.

விலாசத்தை வெட்டிவிட
கம்பைலரில் ஓர் ஆப்ஷன் இருக்கிறதாம்.
டாரன் அனுப்பியிருக்கிறான்.
நாளை பார்க்கலாம் என்று பதில் போட்டேன்.
ஐந்து வாரமாகிறது.