மூன்றாம் கட்டம்

சனிக்கிழமைக்குள் தரவேண்டும் என்று
லோகேஷ் மேசையில் வைத்துப் போனான்.
ஒரே தாள். தலைப்பு:
பயிற்றுநரின் தொழில்முறை வளர்ச்சி இலக்குகள்.
கீழே மூன்று கட்டங்கள்,
ஒவ்வொன்றும் தீப்பெட்டி அகலம்.
அடிக்குறிப்பு: இலக்கு அளக்கத்தக்கதாய் இருக்கவேண்டும்.

அளப்பதற்கென்ன.
பதினாறு வருஷமாய்
பீன்யா இரண்டாம் ஸ்டேஜில்
தகரக் கூரைக்கடியில்
அளந்துகொண்டுதான் இருக்கிறேன்:
உறிஞ்சு குழாயின் அழுத்தம்,
கிளாம்ப் மீட்டரில் ஆம்பியர்,
செப்புக் குழாய் வாய் திறந்த விரிவு,
நாற்பது பேரில் இன்று எத்தனை பேர்.
என்னை எந்த முனையில் தொட்டு அளப்பது
என்றுதான் தெரியவில்லை.

முதல் கட்டத்தில்
போன வருஷம் எழுதியதையே எழுதினேன்:
புதிய தொழில்நுட்பங்களை அறிந்துகொள்வது.
அதற்கு முந்தின வருஷமும் அதுதான்.
அந்தப் புதிய தொழில்நுட்பம் பழையதாகி
காயலான் கடைக்கே போய்ச் சேர்ந்துவிட்டது.
வாக்கியம் மட்டும்
இன்னும் வாரண்டியில் இருக்கிறது.

இரண்டாவது: கன்னடத்தில் பிழையின்றி எழுதுவது.
பேசுவேன், திட்டுவேன்,
சில்லறைக்காகக் கண்டக்டரோடு சண்டை போடுவேன்.
போர்டில் எழுதும்போது மட்டும்
எழுத்தின் காலடியில் தொங்கவேண்டிய குட்டி எழுத்து
எங்காவது விட்டுப்போகும்.
கடைசி பெஞ்சில் சித்தலிங்கா இருமுவான்.
இது உண்மை. இருக்கட்டும்.

மூன்றாம் கட்டத்தில் பேனா நின்றது.

செவ்வாய்க்கிழமை.
யாரோ தானம் கொடுத்த இன்வெர்ட்டர் ஏசி
மூடி கழன்று கிடக்கிறது.
ருக்சார் கேட்டாள்:
"பழைய கம்ப்ரெஸர் ரூம் குளிர்ந்ததும் நின்னுடும்.
இது நிக்காம மெதுவாகுதே, எப்படி மேடம்?"
உள்ளே ஒரு பச்சைப் பலகை,
சர்க்கரையில் மொய்த்த எறும்பு மாதிரி உதிரிகள்.
நான் கடைசியாக மொட்டைமாடி ஏறி வேலை பார்த்தபோது
அது எந்த வீட்டுக்கும் வந்திருக்கவில்லை.
வாய் தானாகச் சொன்னது:
"அது பரீட்சைக்கு வராது."

நாற்பது தலைகளும் ஆடின.
எவ்வளவு சுலபம்.

இன்று ரெக்கார்டு நோட்டுகளில் கையெழுத்துப் போடும்போது
அவள் நோட்டில், தேதியிட்டு,
ஸ்கேல் வைத்து அடிக்கோடிட்டு,
அந்தக் கேள்வி.
நேர் கீழே,
விடை: அது பரீட்சைக்கு வராது.
கேலி இல்லை. அப்படிப்பட்டவள் இல்லை அவள்.
நான் தும்மினாலும் எழுதிக்கொள்கிறவள்.
பார்க்காமல் கையெழுத்து வேறு போட்டிருக்கிறேன்,
பச்சை மையில்.

டெனிஸுக்கு போன் செய்தேன்.
ஏழாவது பேட்ச். கம்மனஹள்ளியில்
சர்வீஸ் கடை, இரண்டு வேன், ஐந்து பையன்கள்.
மே லீவில் பத்து நாள் ஹெல்பராக வரட்டுமா என்றேன்.
"ஏணி பிடிக்கவா மேடம்?"
ஏறவும்தான். சம்பளம் வேண்டாம்,
அந்தப் பலகையைத் தொட விடு.
"தொடாதீங்க. கரண்ட்டை நிறுத்தினாலும்
கெப்பாசிட்டர்ல மிச்சம் இருக்கும்.
முதல்ல அதை இறக்கணும்."
சொன்ன குரலில் கொஞ்சம் எரிச்சல்.
வகுப்பில் எனக்கு வரும் அதே எரிச்சல்.
பிடித்திருந்தது.

கட்டம் போதவில்லை. ஓரத்தில் ஏறி எழுதினேன்:
பத்து நாள், ஒரு ஏணி,
ஒரு கேள்விக்கு விடை, ஜூன் இரண்டாம் வாரம்.
அளந்துகொள்ளட்டும்.

பிறகு ருக்சாரின் நோட்டை மறுபடி திறந்து
அந்த விடையை அடித்தேன்.
பக்கத்தில் கன்னடத்தில் ஒரே சொல்:
கொத்தில்ல. தெரியாது.
அந்தச் சிறு சொல்லுக்கு
காலடியில் தொங்கும் எழுத்து இரண்டு.
இரண்டையும் ஒருமுறைக்கு இருமுறை
எண்ணிப் பார்த்தேன்.

தாளின் அடியில் இன்னொரு வரி இருக்கிறது:
சான்று இணைக்கவும்.
ஜெராக்ஸ் கடை
காலை ஒன்பதுக்குத்தான் திறப்பார்கள்.