சாம்பிள் பீஸ்

ஈரோட்டு மணிக்கூண்டுக்குப் பக்கத்துச் சந்தில்
வாட்ச் கடை அப்பாஸ் அண்ணன்
முதலில் ஆயிரத்து அறுநூற்றைம்பது என்றார்.
அடுத்த சனிக்கிழமை,
"உனக்குங்கறதால ஆயிரத்தைநூறு, அம்மிணி."
டிஜிட்டல் டைரி.
சோப்பு டப்பா மாதிரி மூடி,
திறந்தால் அரிசி அரிசியாய்ப் பட்டன்கள்.
ஐந்நூறு பேர் நம்பர் ஏறுமாம்.

சித்தோட்டு பஸ்ஸில் எண்ணிப் பார்த்தேன்.
எனக்கு இருப்பது பதினொரு நம்பர்.
அதில் நாலு, பி.பி.
மளிகைக் கடைக்கு அடித்து
"தறிக்கார பழனாத்தா ஊட்டுல
கொஞ்சம் கூப்புடுறீங்ளா" என்று சொல்லி
காதில் கருப்பட்டி விலை கேட்டபடி
காத்திருக்க வேண்டிய நம்பர்கள்.
அந்தக் காத்திருப்பை எந்தக் கட்டத்தில் அடிப்பது?
மீதி நானூற்று எண்பத்தொன்பது இடத்துக்கும்
இனிமேல்தான் ஆள் பிடிக்க வேண்டும்.

ஆனாலும்
இதுவரை என் டைரி என் இடது கை.
'ரெக்கார்டு, வியாழன்' என்று பேனாவில் எழுதினால்
ஒர்க்‌ஷாப்பில் அரம் போட்டு முடிப்பதற்குள்
வியாழன் வேர்வையில் போய்விடும்.
போன செமஸ்டர் ஃபீஸ் கட்டும் தேதி
அப்படித்தான் போனது. ஃபைன் நூற்றைம்பது.
இன்னும் பத்துத் தடவை மறந்தால்
மிஷின் காசு வந்துவிடும் என்று கணக்குப் போட்டேன்.
மறதியை வரவில் எழுதியவள்
நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

வளர்மதி ஒன்று வைத்திருந்தாள்,
துபாய் மாமா கொடுத்தது.
பேட்டரி தீர்ந்த அன்று அத்தனை பேரும் அழிந்து
ஒரு வாரம் யாரையும் தெரியாதவள்போல
வராந்தாவில் நடந்தாள்.

அப்பாவிடம் கேட்கவில்லை.
கேட்டால் சரி என்றுவிடுவார்,
அதுதான் பயம்.
இரண்டு ஷிப்ட் தறி ஓட்டுகிறவர்
மூன்றாவதையும் கேட்டு வாங்குவார்.
அதனால் சீனியர்களின் புராஜெக்ட் ரிப்போர்ட்
டைப் அடித்தேன், பக்கம் ஆறு ரூபாய்.

சனிக்கிழமைதோறும் கடைக்குப் போவேன்.
"வாங்கறியோ இல்லியோ, ஓட்டிப் பாரு" என்று
சாம்பிள் பீஸைக் கையில் கொடுத்துவிட்டு
அண்ணன் கண்ணில் லென்ஸை மாட்டிக்கொள்வார்.
ஒருநாள் பரீட்சை அட்டவணையை அடித்து வைத்தேன்.
பதினேழு, காலை ஒன்பது, தெர்மல், ஹால் டிக்கெட்.
இருபது, மிஷின் டிராயிங்.
தமிழ் தெரியாத மிஷின்,
என் பெயரின் ழவுக்கு மட்டும்
இரண்டு இங்கிலீஷ் எழுத்துச் செலவானது.
அடுத்த வாரம் போனால்
எல்லாம் வைத்த இடத்தில் இருந்தது.
அதற்கடுத்த வாரமும்.
காசே கொடுக்காமல்
என் நாட்கள் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள்
ஒழுங்காக இருந்தன.

ஆறாவது சனிக்கிழமை
ஜியாமெட்ரி பாக்ஸில் ஆயிரத்தைநூறு.
கண்ணாடிப் பெட்டியில்
தூசி படியாத ஒரு நீள்சதுரம்.
"மஞ்ச மண்டிக்காரரு ஒருத்தரு
நேத்துத்தான் எடுத்துட்டுப் போனாருங்க.
அதே மாடல் புதுசு திங்கக்கிழமை வருது."

அதே மாடல்தான். சரிதான்.
திங்கட்கிழமை நான் போகவில்லை.
அதற்கடுத்த திங்களும்.
வேண்டாம் என்று முடிவெடுத்தேனா,
முடிவு என்னை விட்டுவிட்டு
வேறொருவர் பையில் ஏறிப் போய்விட்டதா,
தெரியவில்லை.
தேதிகள் மட்டும் மறக்கவில்லை.
அத்தனை சின்னப் பட்டனில்
நகத்தால் ஒவ்வொன்றாய்க் குத்தியவை
அவ்வளவு சீக்கிரம் போகாது போலிருக்கிறது.

பதினேழாம் தேதி
பஸ் மண்டி வாசலில் நெரிசலில் நின்றது.
மணி சரியாக ஒன்பது.
உள்ளே ஏலம் நடந்துகொண்டிருக்கும்.
சாம்பிள் மஞ்சளை ஒடித்துப் பார்க்கும் யாரோ ஒருவரின்
சட்டைப் பையில் இப்போது அது அலறும்.
வெளியில் எடுத்துக் கண்ணைச் சுருக்கிப் படிப்பார்:
தெர்மல், ஹால் டிக்கெட்.
வெரலி மஞ்சளில் அப்படியொரு ரகமா என்று
பக்கத்தில் இருப்பவரிடம் கேட்பாரோ என்னவோ.

ஜன்னலில் தலையை நீட்டிக் காது கொடுத்தேன்.
பின்னால் லாரிக்காரன் ஹாரனை விட்டு
கையை எடுக்கவேயில்லை.