டொக்

ஊலு நகரில், சலவைக்கடைக்கு மேல்மாடியில்
மூன்று பேர், ஒரு ஹீட்டர்.
முள்ளெலி உருண்டு காளானில் மோதும்போது
ஒரு சத்தம் வேண்டுமென்றான் அர்ட்டு.
காலி காப்பி டப்பாவைக் கரண்டியால் தட்டினேன்.
டொக்.
போதும், என்றான். வாடகை இரண்டு மாதம் பாக்கி.

மார்ச்சில் நாற்பது பேர் விளையாடினார்கள்,
பாதி எங்கள் சொந்தக்காரர்கள்.
ஜூனில் எண்ணுவதை விட்டோம்.
இரண்டாம் பாகத்தில் முள்ளெலிக்குத் தொப்பி,
மூன்றில் விண்வெளி,
நான்கு வருவதற்குள் பற்பசைக் குழாயிலும் அதன் முகம்.
சத்தத்தை மாற்ற மட்டும் யாரும் விடவில்லை.

நேற்று பல் மருத்துவரின் காத்திருப்பறையில்
வீங்கிய கன்னத்தைப் பிடித்தபடி ஒருத்தி:
டொக். டொக். டொக்.
"இந்தக் காளானைத் தாண்டவே முடியவில்லை" என்றாள்.
சொல்லியிருக்கலாம்.

அந்த டப்பாவில் இப்போது ஆணிகள்.
திறக்கும்போது
மூடியைத் துணியால் பொத்திக்கொள்கிறேன்.