வயிற்றில் பாலை வார்த்தவர்கள்

முதலில் கழிவறைகளைத்தான் மனப்பாடம் செய்தேன்.
ஈசூன் முனையத்தில் கடைசி வரிசைக்குப் பின்னால் ஒன்று.
அங் மோ கியோவில், கோப்பிக்கடைப் பக்கம்,
வாசலில் மேசை போட்டு
இருபது காசு கேட்கும் அத்தையோடு ஒன்று.
தோ பாயோவில் எப்போதும் ஈரமாய் ஒன்று.
இடையில் நாற்பத்தொரு நிறுத்தங்கள்,
இருக்கை பிடிக்க முண்டும் பள்ளிப் பிள்ளைகள்,
என் வயிற்றுக்குள் உருளும் இன்னொரு பேருந்து.

அதற்கு ஓட்டுநர் இல்லை.

பதினோரு வருடம் விடிகாலை ஐந்தேகாலுக்குத்
தே தாரிக் ஒன்றைக் குடித்த பிறகே
சக்கரத்தைத் தொட்டவள்.
மிளகாய் என்று நினைத்தேன்.
வீட்டுக்காரர் கண்ணேறு என்றார்.
பலதுறை மருந்தகத்தில் அந்தச் சின்னப்பெண் டாக்டர்
கணினியைப் பார்த்தபடியே சொன்னாள்:
"பால்தான் ஆன்ட்டி. உங்களுக்குச் செரிக்கவில்லை."
மரணச் செய்திக்குத் தயாராகப் போனவள்
வெறும் பாலோடு திரும்பினேன்.

நல்ல சேதி சொன்னால்
வயிற்றில் பாலை வார்த்தாய் என்கிற மொழியில்
இதை யாரிடம் சொல்ல?

மறுநாள் கடையில்
தியோவின் கை டின்பாலைச் சாய்க்கத் தூக்கியபடி நிற்க,
"கோப்பி" என்றதோடு என் வாயும் நின்றது.
பின்னால் நின்ற ஹஃபீஸ், இரவு வண்டி முடித்த களைப்பில்,
"ஓ சொல்லுங்க கக்கா, ஓ" என்றான்.
ஓர் எழுத்து.
நாம் வியப்புக்கு வைத்திருக்கும் நெடில்
ஹொக்கியனில் கறுப்பாம்.
கோப்பி-ஓ.
முதல் வாய் தண்டனை.
இரண்டாம் வாயில் கருகிய சீனியின் வாசனை.
மூன்றாவதைக் குடிக்கும்போது
தியோ என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்,
நான் பார்க்காததுபோல் குடித்தேன்.

பிறகு தெரிந்தது, இந்த ஊரில் பாதி
எனக்கென்றே சமைத்துக்கொண்டிருந்தது.
நாசி லெமாக் சோறு வெந்ததெல்லாம் தேங்காய்ப்பாலில்.
லோந்தோங் குழம்பும் அப்படியே.
தாவ் ஹுவே என்ற ஒன்றை
இத்தனை காலம் ஆஸ்பத்திரிச் சாப்பாடு என்று ஒதுக்கியிருந்தேன்;
சூடாக, கரண்டியில் நடுங்கிக்கொண்டு,
மெல்லத் தொண்டையில் வழுக்கி இறங்கிய அன்று
நாற்பத்தொரு நிறுத்தமும் அமைதி.
ஒரு கிழவர் இறங்கும்போது நன்றி சொன்னார்.
அவருக்கு என்ன தெரியும்.

ஏமாந்ததும் உண்டு.
மீன் சூப்பின் வெண்மை மீனுடையது என்று நம்பினேன்.
பிராடலில் சிவப்பு விளக்கு பச்சையாக
ஒரு யுகம் ஆனது.

யாழரசியின் புதுவீடு, தெங்காவில், பதினான்காம் மாடி.
பால் பொங்கி வழிந்தது, எல்லோரும் கைதட்டினார்கள்.
முதல் டம்ளர் மூத்தவள் எனக்கு.
வேண்டாம் என்றால் சகுனம்.
குடித்தால் மின்தூக்கிக்குள்ளேயே சகுனம்.
விரல் சுட நின்றேன்.
தணிகைவேல் ஒன்றும் பேசாமல்
என் டம்ளரை வாங்கி அண்ணாந்து குடித்தார்,
பிறகு தம்முடையதையும்.
"அத்தைக்கு இன்றைக்கு விரதம்" என்றார்.
முப்பது வருடத்தில் எனக்காக அவர் சொன்ன
முதல் பொய்.

ஞாயிறு மதியம் அடுக்களையில் பிளெண்டர் சத்தம்.
தேங்காய்ப்பால், சவ்வரிசி, குலா மெலாக்கா;
உப்பு ஒரு சிட்டிகை அதிகம்.
பாயாசம் என்றார். நானும் அப்படியே அழைத்தேன்.
இரண்டாம் கிண்ணம் முடிந்து,
"என் வயிற்றில் பாலை..." என்று தொடங்கி
இருவரும் சிரித்ததில்
சவ்வரிசி அவருக்கு மூக்கில் ஏறியது.

ஆனாலும் ஒன்று.
ஐஸ்கிரீம் வண்டிக்காரரின் மணி கேட்டால்
இன்னும் திரும்பிப் பார்க்கிறேன்.
வண்ண ரொட்டியில் மடித்த அந்தக் கட்டி,
பலாப்பழ வாசம், ஓரத்தில் வழியும்போது
நக்கிக்கொள்ள வேண்டிய அவசரம்.
மறுநாள் விடுமுறை என்றால் மட்டும்
கழிவறை எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டு
வாங்குகிறேன்.